கணக்குப் பேரேட்டை மூடி வைத்தவர்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு)



சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பா துப்புரவுப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "அண்ணா, வேலைய உட்டுட்டு நம்ம வளவுப் புள்ளைங்களுக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்கப் போலாம்னு இருக்கறனுங்க. ஊட்டுல அழுகறாங்க. வெளக்குமாத்த எங்களோட முடிச்சு உன்னைய அங்க உக்கார வெச்சது இதுக்குத்தானான்னு அம்மா கேக்குது. நாஞ் செய்யறது துரோகமுங்களா?" என்றார்.

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மனதுக்குப் பிடித்த வேலையைத் தேடிப் போ என்று சொல்லும் புத்தகங்கள் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்கு அந்த அம்மாவைத் தெரியாது. நம் வரலாற்றில் தேடினால் பதில் கிடைக்குமா என்று பார்த்தேன். யார் பெயரில் இந்த அரங்கில் கூடியிருக்கிறோமோ அவரிடமே போய் நின்றேன்.

இரட்டைமலை சீனிவாசன் செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். ஆனால் படித்தது நம் கோயமுத்தூரில். தன் வாழ்க்கையைச் சுருக்கி அவர் எழுதிய சிறுநூல் 1939இல் வந்தது. அதில் இந்த ஊர்க் கலாசாலையைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. சுமார் 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேர் போக மற்றவர்கள் எல்லாரும் பிராமணர்கள். பழகினால் சாதி கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், உறவு கேட்பார்கள். அதனால் அந்தப் பையன் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவான். மாலையில் யாரும் தன்னை எட்டிப் பிடிப்பதற்குள் வீடு போய்ச் சேர்வான். அவன் அப்படி ஒதுங்கி உட்கார்ந்தது இதே ஊர்த் தெருக்களில்தான் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படித்து முடித்த அவர் நீலகிரிக்குப் போனார். ஐரோப்பிய வியாபார நிறுவனங்களில் சுமார் பத்தாண்டுகள் கணக்கராக இருந்தார். அந்தக் காலத்தில் இது சின்ன வேலை இல்லை. தீட்டு வேலையும் இல்லை, பண்ணை வேலையும் இல்லை. மாதம் பிறந்தால் கையில் காசு. வெள்ளைக்காரத் தோட்டங்களும் கடைகளும் ராணுவமும் ஊர்க் கட்டுமானத்துக்கு வெளியே சில சந்துகளைத் திறந்து வைத்திருந்தன. நம்மவர்களுக்கு இரக்கம் காட்டுவதற்காக அவர்கள் அவற்றைத் திறக்கவில்லை, தங்களுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத் திறந்தார்கள். ஆனால் திறந்த சந்தில் நம்மவர்கள் நுழைந்தார்கள். சீனிவாசனும் அப்படி நுழைந்தவர்.

குடும்பஸ்தரான அவர் 1890இல் அந்தப் பேரேட்டை மூடி வைத்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டு பறையர் மகாஜன சபை. 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை. நான்கே பக்கம், விலை இரண்டணா. பெயர் 'பறையன்'. கோயமுத்தூரில் சாதி தெரிந்துவிடும் என்று மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தவர், பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் அதையே தாளின் தலையில் அச்சடித்துத் தெருவில் விற்றார். தான் யார் என்று அஞ்சாமல் சொல்லிக்கொள்ளாதவன் உரிமை கேட்க முடியாது என்பது அவர் கட்சி.

அந்தப் பத்திரிகை எடுத்த முதல் பெரிய வழக்கும் வேலையைப் பற்றியதுதான். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இங்கே நடத்தினால் அந்தப் பதவிகள் ஒரே சாதியின் கைக்குப் போகும், நம் கதி என்னவாகும் என்று சீனிவாசன் எதிர்த்தார். 3412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது. அன்னிய ஆட்சியிடம் போய் முறையிட்டார் என்று இன்றும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நீதி கிடைக்கக்கூடிய கதவைத் தட்டினார் என்று நான் சொல்வேன். 1896இல் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்துக்காக வழக்குப் போட்டார்கள். 100 ரூபாய் அபராதம். 1900இல் பத்திரிகை நின்றது.

அவருடைய சகோதரியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். அவரும் நீலகிரியில் வாழ்ந்தவர்தான். நீலகிரி 1868வரை கோயமுத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது என்பதால் இருவரையும் பாதி நம்மூர்க்காரர்கள் என்று உரிமை கொண்டாடலாம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய பண்டிதர் தன் தொழிலை விடவில்லை. அவர் சித்த மருத்துவர். மருந்தும் பத்திரிகையும் ஒரே கையில் நடந்தன. இவர் வேலையை விட்டு எழுதினார், அவர் வேலையை வைத்துக்கொண்டு எழுதினார். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டுக்கும் நமக்கு முன்னோர் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது படித்தவர்களின் கதை. கொங்குச் சீமையில் நம்மில் பெரும்பாலோருக்கு விடுவதற்கு என்று ஒரு வேலை இருந்ததா? அந்தக் கதையைப் பேசாமல் சீனிவாசனை மட்டும் பேசினால் அது பாதி வரலாறு.

இந்த வறண்ட மேட்டுநிலத்தில் வெள்ளாமை என்றால் கிணறு, கிணறு என்றால் கவலை ஏற்றம். மாட்டைப் பூட்டி இழுத்தால் தோல் பறியில் தண்ணீர் ஏறும். அந்தத் தோல் யார் தந்தது? மாடு செத்தால் தூக்கிப்போக வேண்டியவர் மாதாரி. உரித்து, ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டுப் பதம் செய்து, பறி தைத்து, கிழிந்தால் ஓட்டுப் போட்டு, பண்ணாடிக்குச் செருப்பும் தைத்துத் தர வேண்டும். கூலி களத்தில் அளக்கும் தானியம். பறி இல்லாமல் ஒரு காணி நனையாது. கொங்கு நாட்டின் பச்சைக்கு அடியில் இருந்தது அருந்ததியர் கையில் பதமான தோல். அதைத் தொட்ட தண்ணீர் பயிருக்கு ஆகும், அதைத் தைத்தவர் கை கிணற்றுக்கு ஆகாது. தீரன் சின்னமலையோடு நின்ற பொல்லான் செருப்புக்குள் ஓலையை வைத்துச் சேதி அனுப்பினார் என்று நம் மக்கள் இன்றும் சொல்லும் கதையில், இந்தக் கைத்திறனைப் பற்றிய பெருமையும் சேர்ந்து இருக்கிறது.

பிறகு கரண்டு வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூரை மாற்றியது. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையோடு இருந்த ஊரில் வரிசையாக மில்கள் எழுந்தன. 1937இல் ஜி.டி.நாயுடு மின்மோட்டார் செய்தார். இந்த நகரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதை நாயுடுவின் கதைதான்: பள்ளியை விட்டவர், ஓட்டலில் பரிமாறியவர், 1920இல் பஸ் ஓட்டியவர், பிறகு தொழிலதிபர், விஞ்ஞானி. அவர் பிறந்ததும் 1893, 'பறையன்' பிறந்த ஆண்டு. அவர் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு தொழிலாக மாறியபோது, உன் பழைய வேலையை இனி யார் பார்ப்பது என்று யாரும் கட்டிவைத்துக் கேட்கவில்லை. திருப்பூரில் தோட்டத்தை விட்டு பனியன் கம்பெனிக்கு வந்த கவுண்டர் முதலாளியானால் அது உழைப்பு. மாதாரி பண்ணையத்தை விட்டு நகர்ந்தால் 'ஆளுக திமிராயிட்டாங்க'.

மோட்டார் வந்ததும் பறி போனது. தலைமுறைகளாகச் சேர்ந்த ஒரு கைத்தொழில் ஒரு சுவிட்சில் முடிந்தது. இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் போனதற்கு நான் அழவில்லை. செத்த மாட்டைத் தூக்கும் கட்டாயமும் அதோடுதான் தளர்ந்தது. ஆனால் அந்தத் தொழிலை நம்மவர்கள் விடவில்லை, தொழில்தான் அவர்களை விட்டது. கையில் நிலமில்லை, கல்வியில்லை. பண்ணையாளாக நின்றவர்கள் நின்றார்கள், மற்றவர்கள் நகரத்துக்கு வந்தார்கள். நகரம் அவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்த கருவி விளக்குமாறு.

இதை அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். லாகூரில் பேச அழைத்து, உரையின் வாசகத்தைப் பார்த்துப் பயந்து கூட்டத்தையே கைவிட்டார்கள். அவர் தன் செலவில் அச்சிட்டார். சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்ற அவருடைய வாதம் நமக்கு மனப்பாடம். அதன் தொடர்ச்சியை நாம் அதிகம் பேசுவதில்லை. மாறும் தொழிலுக்கு ஏற்ப மனிதனை மாறவிடாததால் சாதியே வேலையின்மைக்குக் காரணமாகிறது என்கிறார். விருப்பத்துக்கு அங்கே இடமே இல்லை, மனமும் அறிவும் ஒட்டாத வேலையில் திறமை எங்கிருந்து வரும் என்று கேட்கிறார். வேலையில் மனம் ஒட்டுவதை அவர் சொகுசாக நினைக்கவில்லை. சாதி நம்மிடமிருந்து பறித்தவற்றில் ஒன்றாகவே அதைக் கணக்கில் எழுதினார்.

துப்புரவு வேலையையும் நான் ஒரே வண்ணத்தில் பூச மாட்டேன். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம், யாரையும் 'சாமி' என்று கூப்பிடத் தேவையில்லை: பண்ணையத்திலிருந்து வந்த தலைமுறைக்கு அது விடுதலையாகவே இருந்தது. ஆனால் அப்பா இறந்தால் 'வாரிசு வேலை' என்று பிள்ளை கைக்கு வந்ததும் அதே விளக்குமாறுதான். இப்போது அந்த நிரந்தரமும் போய் ஒப்பந்தம் வந்துவிட்டது. 2019இல் கோயமுத்தூர் மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்களை அறிவித்தபோது, பொறியியல் படித்தவர்கள் உட்படச் சுமார் 7000 பேர் விண்ணப்பித்தார்கள். செய்தித்தாள்களுக்கு அது வேலையில்லாத் திண்டாட்டச் செய்தி. எனக்கு அது வேறொன்றையும் சொன்னது: நல்ல சம்பளமும் பாதுகாப்பும் இருந்தால் எந்த வேலைக்கும் எல்லாச் சாதியும் வரும். சம்பளம் குறைந்து மலக்குழி திறந்திருக்கும் இடத்துக்கு மட்டும் ஒரே சாதி போதும்.

2009இல் வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு இந்த வரிசையை உடைக்கும் ஒரு கருவி. அதன் வழியாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கி, பாக்கி தீராமல் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு இன்னும் வேலையை விடும் உரிமையே வரவில்லை. 1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு ஐம்பது வயது ஆகிறது.

அந்தப் பெண்ணின் அம்மா கேட்டதற்கு வருகிறேன். அந்த அம்மாவின் பயம் தவறில்லை. திரும்பிப் போக நிலமோ கடையோ இல்லாத வீட்டில் ஒரு சம்பளம் நின்றால் வீடே நிற்கும். சீனிவாசனுக்குப் பின்னால் பத்தாண்டுச் சம்பளம் இருந்தது. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு வா என்று அவரைக் காட்டி யாரையும் உசுப்பிவிட மாட்டேன். ஆனால் விளக்குமாற்றை விட்டதும், விருப்பமில்லாத நாற்காலியை விடுவதும் எனக்கு ஒரே நடையின் இரண்டு அடிகளாகத்தான் தெரிகின்றன. முதல் அடியை வைத்தது அந்த அம்மா. அதை மகள் மறக்காமல் சொன்னால் அழுகை கொஞ்சம் குறையலாம்.

சீனிவாசனும் ஒரே தடவை மாறியவர் அல்ல. பத்திரிகை நின்ற பின் கடல் கடந்தார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். காந்திக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்ததும் அங்கேதான். இருபது ஆண்டுகள் கழித்து அறுபது வயதில் திரும்பினார். சென்னை சட்டமன்றத்தில் 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தால், பொதுச்சாலை, தெரு, கிணறு எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசாணை வந்தது. மணி அடிக்கும்வரை கோயமுத்தூர்த் தெருவில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர் கேட்டு வாங்கிய ஆணை அது.

அந்தப் பெண் இன்று அரங்கில் இருக்கிறார். கேள்வி நேரத்தில் முதலில் அவர் பேசட்டும்.