பற்பட்டை

பற்பட்டை என்பது உட்புறத்தில் சம இடைவெளியில் பற்கள் அமைந்த, வளைய வடிவிலான எந்திரப் பட்டை ஆகும். பணிமனைகளில் இது டைமிங் பெல்ட் என வழங்கப்படுகிறது. பட்டையின் பற்கள் கப்பியின் பள்ளங்களில் பொருந்திச் சுழல்வதால், தட்டைப் பட்டையிலும் வி பெல்ட்டிலும் ஏற்படும் வழுக்கல் இதில் இல்லை. எனவே இணைக்கப்பட்ட இரு தண்டுகளும் மாறாத வேக விகிதத்தில் சுழல்கின்றன.

வரலாறு

பற்பட்டை 1940களில் அமெரிக்காவின் கில்மர் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் தையல் எந்திரங்களில் பயன்பட்டது. 1962 இல் உற்பத்திக்கு வந்த ஜெர்மனியின் கிளாஸ் 1004, கேம் தண்டைச் சுழற்றப் பற்பட்டையைக் கொண்ட முதல் பெருமளவு உற்பத்தி மகிழுந்தாகும்.

அமைப்பு

பட்டையின் உடல் நியோபிரீன் இரப்பராலோ பாலியூரித்தேனாலோ ஆனது. இழுவிசையைத் தாங்குவன அதனுள் பதிந்துள்ள கண்ணாடி இழை, எஃகு அல்லது அராமிட் நாண்களாகும். அடுத்தடுத்த இரு பற்களின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு பல்லிடைத் தொலைவு எனப்படும். பற்கள் சரிவக வடிவிலோ வளைந்த வடிவிலோ அமையும். வளைந்த பற்களில் தகைவு சீராகப் பரவுவதால் அவை கூடுதல் சுமையைத் தாங்கும்.

நாண்கள் கப்பியின் வெளிவிளிம்புக்குச் சற்று வெளியே அமைகின்றன. ஆதலால் கணக்கீட்டுக்குரிய விட்டம், கப்பியை அளந்தால் கிடைக்கும் வெளிவிட்டத்தை விடப் பெரியது. வேக விகிதத்தை அளந்த விட்டங்களைக் கொண்டு காணாமல், பற்களை எண்ணியே காண வேண்டும்.

வடிவமைப்பு முறை

1. மின்னோடியின் திறனைப் பணிக்காரணியால் பெருக்கி வடிவமைப்புத் திறனைக் காணல். அதிர்வும் பணி நேரமும் மிகும்போது இக்காரணி உயரும்.
2. அத்திறனுக்கும் சிறிய கப்பியின் வேகத்துக்கும் ஏற்ற பல்லிடைத் தொலைவைத் தயாரிப்பாளரின் வரைபடத்திலிருந்து தெரிதல்.
3. வேக விகிதத்துக்கேற்ப இரு கப்பிகளின் பல் எண்ணிக்கையை முடிவு செய்தல். பல் எண்ணிக்கையைப் பல்லிடைத் தொலைவால் பெருக்கிப் பை (3.1416) ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும்.
4. பட்டையின் நீளத்தைக் கணக்கிட்டு, சந்தையில் கிடைக்கும் நீளத்துக்கேற்ப மையத் தொலைவைத் திருத்துதல்.
5. சிறிய கப்பியில் குறைந்தது 6 பற்களாவது பொருந்தியுள்ளனவா எனச் சரிபார்த்தல். குறைந்தால் பட்டையின் தாங்குதிறனும் குறையும்.
6. பட்டையின் அகலத்தை அட்டவணையிலிருந்து தெரிதல்.

எடுத்துக்காட்டு

1.5 கிலோவாட் மின்னோடி நிமிடத்துக்கு 1440 முறை சுழல்கிறது. எந்திரத்துக்குத் தேவை 720 சுழற்சி. மையத் தொலைவு ஏறத்தாழ 300 மி.மீ. எனக் கொள்வோம். பணிக்காரணி 1.5 எனில் வடிவமைப்புத் திறன் 2.25 கிலோவாட். பல்லிடைத் தொலைவு 8 மி.மீ., கப்பிகள் 28, 56 பற்கள் எனில் விட்டங்கள் 71.3, 142.6 மி.மீ. ஆகும்.

பட்டையின் நீளம் மூன்று பகுதிகளின் கூட்டுத்தொகை: மையத் தொலைவின் இருமடங்கு (600), விட்டங்களின் கூடுதலில் பாதியைப் பையால் பெருக்கிய தொகை (336), விட்ட வேறுபாட்டின் வர்க்கத்தை மையத் தொலைவின் நான்கு மடங்கால் வகுத்த ஈவு (4.2). ஆக 940.2 மி.மீ. இது 117.5 பற்களாக வருகிறது. அரைப் பல் கொண்ட பட்டை இருக்க இயலாது. எனவே 120 பற்கள் கொண்ட 960 மி.மீ. பட்டையைத் தெரிந்து, மையத் தொலைவை 310 மி.மீ. ஆக உயர்த்த வேண்டும். அப்போது சிறிய கப்பியில் 12 பற்கள் முழுமையாகப் பொருந்தும். பட்டையின் வேகம் நொடிக்கு 5.38 மீட்டர், வடிவமைப்புத் திறனை இதனால் வகுத்தால், பட்டை கடத்த வேண்டிய விசை ஏறத்தாழ 418 நியூட்டன் ஆகும்.

பல் தாவுதல்

பட்டை தளர்ந்தாலோ பொருந்தும் பற்கள் குறைந்தாலோ, திடீர்ச் சுமையில் பட்டை ஒரு பல் தாவக்கூடும். மிகையாக இறுக்கினாலோ தாங்கிகள் விரைவில் தேயும். மகிழுந்து எஞ்சினில் கேம் தண்டின் கப்பிக்குக் கிராங்க் தண்டின் கப்பியைப் போல் இருமடங்கு பற்கள் உண்டு. பட்டை பற்களைத் தாவினால் வால்வுகள் திறக்கும் நேரம் பிறழும். சிலவகை எஞ்சின்களில், பட்டை அறுந்தால் திறந்திருக்கும் வால்வின் மீது பிஸ்டன் மோதி எஞ்சினே பழுதாகும். ஆகவே தேய்மானம் கண்ணுக்குத் தெரியாவிடினும், தயாரிப்பாளர் குறித்த கால அளவில் பட்டையை மாற்றுதல் இன்றியமையாதது.