கரியில் ஓடிய பேருந்து: செய்த செலவு வீணா, பலனா?

மோட்டார் வண்டிக்குப் பெட்ரோலோ டீசலோ வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அடுப்புக் கரியைப் போட்டுப் பேருந்து ஓட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தமிழ்நாட்டுச் சாலைகளில் அத்தகைய பேருந்துகள் ஓடின. ‘கரி பஸ்’ என்றே மக்கள் அவற்றை அழைத்தனர். தொண்ணூறு வயதைக் கடந்த பெரியவர் யாரேனும் உங்கள் ஊரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அவை கரிக்காகவே செய்யப்பட்ட வண்டிகள் அல்ல. பெட்ரோல் வண்டிகளையே மாற்றியமைத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பணம் போட்டு மாற்றம் செய்வது தகுமா என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். அதற்கு இந்தக் கரி பஸ்ஸின் வரலாறு நல்ல விடை தருகிறது.

பெட்ரோல் ஏன் அரிதாயிற்று?

போர் தொடங்கியதும் பெட்ரோல் படைகளுக்கே முதலில் போயிற்று. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்தது. அக்காலத்தில் நமக்கு எண்ணெய் தந்த நாடுகளுள் பர்மா முக்கியமானது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. பகைவர் கையில் சிக்கக்கூடாது என்று, ரங்கூனுக்கு அருகே சிரியம் என்னும் இடத்திலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஆங்கிலேயரே அழித்துவிட்டனர். அடுத்த மாதமே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. வங்கக் கடல் வழியே கப்பல் வருவது ஆபத்தாயிற்று.

பேருந்து முதலாளிகளுக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, வண்டியைக் கொட்டகையில் நிறுத்துவது. மற்றொன்று, வேறு எரிபொருளைத் தேடுவது. மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் இரண்டாவது வழியை எடுத்தார். கரியை வாயுவாக்கும் கலத்தை வடிவமைத்து, ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்ற பெயரில் உற்பத்தி செய்தார்.

கடற்கரை மணலில் எரிபொருள்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லுங்கள். சுமார் 30 கிலோமீட்டர் தொலைவு. கடலை நெருங்க நெருங்கச் சவுக்குத் தோப்புகளைக் காணலாம். சவுக்கு நம் நாட்டு மரம் போலத் தோன்றினாலும், ஆஸ்திரேலியாவிலும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலும் இயற்கையாக வளர்வது. 19ஆம் நூற்றாண்டில் இரயில் எஞ்சின்களுக்கும் சென்னை நகரத்து அடுப்புகளுக்கும் விறகு தேவைப்பட்டபோது இந்தக் கரையோரத்தில் அதைப் பயிராக்கினார்கள். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருவதால் வெறும் மணலிலும் அது விரைந்து வளரும். வெட்டிய விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போயிற்று.

விறகை அடுக்கி, மேலே மண் பூசி, காற்றுப் புகாமல் புகையவிட்டால் கரி கிடைக்கும். இதுவே கரிமூட்டம். பெட்ரோல் கடல் கடந்து வர வேண்டும். கரியோ உள்ளூரிலேயே கிடைத்தது. கரி பஸ்ஸின் பெரிய பலம் இதுதான்.

கரி எப்படி வாயுவாகிறது?

கரித் துண்டை எஞ்சினுக்குள் நேரே போட முடியாது. அதை முதலில் வாயுவாக்க வேண்டும். இதற்காக வண்டியின் பின்புறத்தில் பீப்பாய் போன்ற ஓர் உலையைப் பொருத்தினார்கள். அதில் கரியை நிரப்பிக் கீழே தீ மூட்டி, கையால் சுற்றும் விசிறியால் காற்றை ஊதுவார்கள். கிளீனரின் முதல் வேலை இதுவே. கரி கனன்று வாயு வருவதற்குப் பத்து, இருபது நிமிடங்கள் கூட ஆகலாம்.

உலைக்குள் நடப்பதைக் கவனியுங்கள். கரி எரிந்து முதலில் கார்பன்-டை-ஆக்சைடு உண்டாகிறது. அது எரியாது, பயனற்றது. ஆனால் அதே வாயு செக்கச்சிவந்த கரியின் ஊடே மேலும் செல்லும்போது, கரி அதன் ஆக்சிஜனில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்கிறது. விளைவு கார்பன் மோனாக்சைடு. இது எரியும் வாயு. கரியிலுள்ள ஈரம் சிதைந்து கொஞ்சம் ஹைட்ரஜனும் சேரும். இந்தக் கலவையைக் குளிரவைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டிக் குழாய் வழியே எஞ்சினுக்கு அனுப்பினால் வண்டி ஓடும்.

இழப்புகள்

காற்றின் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் அல்லவா? அது எரியாமல் அப்படியே வந்து சேர்கிறது. கரிவாயுவில் பாதிக்கு மேல் இந்த நைட்ரஜனே. ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோல்-காற்றுக் கலவை சிலிண்டருக்குள் சுமார் 3.8 கிலோஜூல் வெப்பம் தந்தால், அதே அளவு கரிவாயு-காற்றுக் கலவை சுமார் 2.5 கிலோஜூல்தான் தரும். எஞ்சினின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு இதிலேயே போய்விடுகிறது. செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற சமதரைப் பகுதியில் இதைச் சமாளிக்கலாம். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடக்க வேண்டியதும் உண்டு; தள்ள வேண்டியதும் உண்டு!

அதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடின் நச்சுத்தன்மை. இதற்கு நிறமோ மணமோ கிடையாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். மூடிய கொட்டகையில் உலையை மூட்டினால் உயிருக்கே ஆபத்து. வடிகட்டியைத் துடைப்பதும் சாம்பலை அள்ளுவதும் அன்றாட வேலை. வடிகட்டி சரியில்லையேல் சிலிண்டர் விரைவில் தேய்ந்துவிடும்.

காடும் விலை கொடுத்தது. 1 லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி வேண்டும். சாதாரணக் கரிமூட்டத்தில் 100 கிலோ விறகுக்குச் சுமார் 20 கிலோ கரிதான் தேறும். அப்படியானால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக ஏழு கிலோவுக்கு மேல் விறகு! நாளொன்றுக்கு 30 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் பேருந்து ஒன்றுக்கு எத்தனை கிலோ விறகு தேவை என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பணக் கணக்கு

இத்தனை குறைகள் இருந்தும் ஏன் பணம் போட்டார்கள்? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கலத்தைப் பொருத்த 1,200 ரூபாய் ஆகிறது என்றும், வண்டி ஓடும் ஒவ்வொரு நாளும் எரிபொருளில் 3 ரூபாய் மிச்சம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பணம் திரும்ப 400 நாள் ஓட வேண்டும். தினந்தோறும் ஓடும் பேருந்துக்கு அது ஓராண்டும் சில வாரங்களும். வாரம் ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கும் சொந்தக் காருக்கோ ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்! போரோ 1945இல் முடிந்துவிட்டது.

ஆனால் பேருந்து முதலாளி போட்ட கணக்கு வேறு. அவர் கரியைப் பெட்ரோலோடு ஒப்பிடவில்லை. ஓடும் வண்டியை நிற்கும் வண்டியோடு ஒப்பிட்டார். நிற்கும் வண்டி ஒரு காசும் சம்பாதிக்காது. மெதுவாக ஓடினாலும் ஓடும் வண்டி டிக்கெட் காசைத் தரும். ஊராருக்கும் அப்படியே. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்ல வேண்டியவர்களுக்கு வேகம் குறைந்த பேருந்து இருப்பது, பேருந்தே இல்லாததைவிட மேல் அல்லவா?

உலகெங்கும் நடந்தது இதுவே. பெட்ரோல் வரத்து நின்றுபோன சுவீடனில் 1942இல் 70,000க்கும் மேற்பட்ட வண்டிகள் விறகாலும் கரியாலும் ஓடின. போருக்குப் பின் பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அங்கும் இங்கும் அந்த உலைகள் கழற்றப்பட்டன. பொருள் அதேதான், அதன் மதிப்பு மட்டும் மாறிவிட்டது. எனினும் அறிவு வீணாகவில்லை. 1980களில் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் இதே தத்துவத்தைக் கொண்டு, விவசாயக் கழிவிலிருந்து வாயு எடுத்து நீர் இறைக்கவும் மின்சாரம் தயாரிக்கவும் கருவிகளை உருவாக்கியது. எடை ஒரு பொருட்டல்லாத, நிலையாக நிற்கும் எஞ்சினுக்கு அது பொருந்தியது.

நமக்கு என்ன பாடம்?

இன்றும் வண்டிகளை மாற்றியமைக்கிறோம். சென்னையில் ஏராளமான ஆட்டோக்கள் சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்த எரிவாயுவில் ஓடுகின்றன. பழைய வண்டிக்கு மின்கலமும் மின்மோட்டாரும் பொருத்துவோரும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கருவியைப் பொருத்தி எரிபொருளை மாற்றிக்கொள்ள அதே சட்டம் வழிவிடுகிறது. மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் குறிக்கச் செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் இத்தகைய பேச்சு எழுந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சமாகும்? போட்ட பணம் திரும்பும்வரை வண்டியும் எரிபொருள் விலையும் இதே நிலையில் இருக்குமா? நாள் முழுவதும் ஓடும் ஆட்டோவுக்கும் ஞாயிறன்று மட்டும் மாமல்லபுரம் போய்வரும் காருக்கும் விடை ஒன்றாக இராது. காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்ட பிறகே பணத்தை எடுங்கள்.