அப்போதிக்கரி எழுதின துண்டு

"அப்போதிக்கரியிட்டைக் காட்டி மருந்து எடுத்தனாங்கள்." தீவுப்பகுதி அம்மம்மாமார் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல் இப்போது மறைந்துகொண்டிருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கிற கேள்வி பழசாகவில்லை: முழு டொக்டர் அல்லாத ஒருவர் மருந்து எழுதலாமா?

இலங்கை இதற்கு எப்போதோ 'ஓம்' சொல்லிவிட்டது. 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கியும், முழுப் படிப்பு முடித்தவர்கள் ஊர்களுக்குப் போதவில்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்ற அப்போதிக்கரிமார் அரசாங்க டிஸ்பென்சரிகளில் நோயும் பார்த்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள். 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டம் அவர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. பின்னாளில் ஏ.எம்.பி., ஆர்.எம்.பி. என்று பெயர் மாறியது. பட்டம் பெற்ற டொக்டர்கள் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. காலப்போக்கில் அந்தப் பயிற்சியே நின்றுபோனது. இருந்தவர்களில் பலர் ஓய்வு பெற்றுப் போனார்கள்.

எங்களுக்குச் சட்டம் எழுதின பிரித்தானியா இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. 1992இல் அங்கே தாதியர் மருந்து எழுதுவதற்கான சட்டம் வந்தது. 2006இல் பயிற்சி பெற்ற மருந்தாளர்களும் சுயமாக எழுதத் தொடங்கினார்கள். இங்கே இருவருக்கும் இன்றுவரை அந்த உரிமை இல்லை.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். கடைசிப் படகு போன பிறகு, கடல் குழம்பின நாளில், டொக்டர் லீவில் நின்றால் என்ன செய்வது? அனுபவமுள்ள தாதிக்கு என்ன மருந்து என்று தெரியும். எழுத மட்டும் ஏலாது.

மறுபக்கமும் இருக்கிறது. மருந்து விற்கிறவரே எழுதினால் தேவையில்லாத மருந்தும் தலையில் கட்டப்படலாம். அன்டிபயோட்டிக்கை கண்டபடி கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். எல்லாவற்றையும்விட, "தீவாருக்கு இது போதும்" என்று டொக்டரை அனுப்பாமல் விடவும் இது சாட்டாகிவிடும். இந்தப் பயங்கள் நியாயமானவை.

ஆனால் அப்போதிக்கரி கள்ள வைத்தியரில்லை. அவருக்குப் பின்னால் பயிற்சி இருந்தது, பதிவு இருந்தது, சட்டம் இருந்தது. அதே மூன்றோடு, எந்தெந்த மருந்து என்று வரையறுத்து, விற்பனையோடு சம்பந்தப்படாத தாதிக்கும் ஆஸ்பத்திரி மருந்தாளருக்கும் அந்தப் பேனையைக் கொடுக்கலாம் என்பதே எங்கள் எண்ணம். டொக்டர் வேண்டும் என்ற கோரிக்கையை அதற்காக நாங்கள் கைவிடத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்போம்.