பரிசுச் சீட்டுப் பணமும் ஆயரின் பொறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் போன்ற பேரூர்களில் அருட்பணி ஆற்றுவோர், மானாவாரி நிலத்தையும் வெளியூர்க் கூலியையும் நம்பி வாழும் குடும்பங்களை நன்கறிவர். மழை பொய்த்த ஆண்டுகளில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் வேலை தேடிச் செல்வோர் இம்மாவட்டத்தில் பலர். அவ்வாறு சென்ற ஒருவர் பாலக்காட்டில் வாங்கிய கேரளப் பரிசுச் சீட்டிற்குப் பல கோடி ரூபாய் விழுந்ததென்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரு மாலைப் பொழுதில் ஆயரின் இல்லத்திற்கு வந்து, "ஐயா, இந்தப் பணத்தை நான் என்ன செய்யட்டும்? தசமபாகத்தைச் சபைக்குக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்பாராயின், ஆயர் கூறும் விடை யாது?

இது வெறுங் கற்பனையன்று. 2023ஆம் ஆண்டு கேரள அரசின் ஓணம் பம்பர் குலுக்கலில் முதற் பரிசாகிய 25 கோடி ரூபாய், தமிழ்நாட்டைச் சேர்ந்த நால்வர் கூட்டாக வாங்கிய சீட்டிற்கே விழுந்தது. எனவே இக்கேள்வி எந்த ஆயரின் வாசலுக்கும் வரக்கூடும். விடை காணுமுன், இப்பணம் எவ்வழியே வருகிறது என்பதையும், திருச்சபை இதனோடு கொண்டிருந்த உறவையும் வரலாற்றில் சற்றே காண்போம்.

சீட்டின் மூன்று முகங்கள்

சீட்டுப் போடுதல் திருமறைக்குப் புதியதன்று. யோசுவாவின் நூலில் கோத்திரங்களுக்கு நிலம் சீட்டினால் பகிரப்பட்டது. அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் மத்தியா சீட்டினால் தெரிந்துகொள்ளப்பட்டார். தமிழ் மண்ணிலும், முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு உறுப்பினரைக் குடவோலையினால் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கிறது. இவற்றிலெல்லாம் சீட்டு, மனிதரின் பேராசையையும் ஓரவஞ்சனையையும் விலக்குவதற்குப் பயன்பட்டது.

நம் ஊர்களில் இன்றும் நடைபெறும் குலுக்கல் சீட்டு இரண்டாம் முகம். பத்துப் பேர் மாதந்தோறும் பணம் போடுவர். முதல் மாதம் ஒருவர் எடுப்பார், கடைசி மாதம் மற்றொருவர் எடுப்பார். முந்துவதும் பிந்துவதும் உண்டேயன்றி, சீட்டு நேர்மையாக நடக்குமாயின், பங்கை இழப்பவர் எவருமில்லை.

பரிசுச் சீட்டோ மூன்றாம் முகம். இங்கே பல இலட்சம் பேர் இழந்தாலன்றி ஒருவர் பெறுதல் இயலாது. சிலுவையின் அடியில் போர்ச்சேவகர் சீட்டுப் போட்டதும் வேறொருவர் இழந்த ஆடைக்காகவே என்பதை நாம் நினைவுகூர வேண்டும். 2022ஆம் ஆண்டு ஓணம் பம்பர் சீட்டின் விலை 500 ரூபாய். விற்றவை 60 இலட்சத்திற்கும் மேல். அதாவது 300 கோடி ரூபாய்க்கு மேல் மக்களின் கையிலிருந்து சென்றது. அதில் 25 கோடி ஒருவருக்கு முதற் பரிசாயிற்று. ஆகவே வென்றவரின் கையில் இருப்பது வானத்திலிருந்து விழுந்த மன்னா அன்று. முகமறியாத ஏழை எளியோர் பலரின் இழப்பும் அதில் ஒன்று திரண்டிருக்கிறது.

அரசின் கையும் திருச்சபையின் கையும்

இந்தியாவில் முதன்முதலாக மாநில அரசே நடத்தும் பரிசுச் சீட்டினைக் கேரளம் 1967ஆம் ஆண்டு தொடங்கிற்று. சீட்டின் விலை ஒரு ரூபாய். முதற் பரிசு 50,000 ரூபாய். அடுத்த ஆண்டே, 1968இல், அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் தமிழ்நாடும் அவ்வழியைப் பின்பற்றியது. சேலத்திலிருந்து பிரிந்து 1965இல் உருவான தருமபுரி மாவட்டத்திற்கு அப்போது வயது மூன்று. சீட்டு விழுந்தால் வீட்டிற்கு நன்மை, விழாவிடில் நாட்டிற்கு நன்மை என்னும் கருத்தமைந்த முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. இழப்பவரும் கொடையாளரே என்று அது ஆறுதல் கூறிற்று. ஆயினும், கூலிப் பணத்தைச் சீட்டில் தொலைத்தவனின் வீட்டு அடுப்பிற்கு அவ்வாறுதல் நெருப்பாகவில்லை. 2003ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டரசு பரிசுச் சீட்டு விற்பனையைத் தடைசெய்தது. தடைக்குப் பின்னும் மறைவாக நடந்த மூன்றெண் சீட்டினால், 2019 திசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே உயிரிழந்த கொடுமையை நாடறியும்.

அரசைக் குறை கூறுமுன் திருச்சபை தன் கையையும் பார்த்துக்கொள்ளுதல் நலம். கல்கத்தாவில் 1784இல் கட்டத் தொடங்கி 1787இல் திறக்கப்பெற்ற தூய யோவான் ஆலயத்தின் கட்டட நிதியில் ஒரு பகுதி, பொதுமக்களுக்கு விற்ற பரிசுச் சீட்டினால் திரட்டப்பட்டதாகும். 1847இல் தூய பவுல் பேராலயம் எழும்வரை அதுவே அந்நகரின் ஆங்கிலிக்கத் தலைமை ஆலயமாய் இருந்தது. அக்காலத்தில் இதனைத் தவறென்று கருதியவர் சிலரே.

பின்னர், இங்கிலாந்தில் அடிமை வாணிகத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸ் முதலிய நற்செய்தி எழுச்சியாளர் அரசுப் பரிசுச் சீட்டையும் எதிர்த்தனர். அங்கே கடைசி அரசுச் சீட்டு 1826இல் குலுக்கப்பட்டது. இந்தியாவில் 1844ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அரசின் அனுமதியற்ற சீட்டுகளைத் தடுத்தது. 1870இல் தண்டனைச் சட்டத்தில் அதற்கெனத் தனிப் பிரிவும் சேர்க்கப்பட்டது. எனினும் அரசின் சீட்டிற்குக் கதவு திறந்தே இருந்தது. அக்கதவின் வழியாகவே 1967இன் சீட்டும் நுழைந்தது.

வென்றவரின் துன்பம்

இழந்தவருக்காக இரங்கும் நாம் வென்றவருக்காக இரங்குவதில்லை. ஆனால் 2022இல் 25 கோடி ரூபாய் பெற்ற திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர், சில நாள்களுக்குள்ளேயே, இப்பரிசு தமக்கு விழாமல் இருந்திருக்கலாம் என்று வெளிப்படையாக வருந்தினார். உதவி கேட்டு வருவோரின் கூட்டத்தால் தம் வீட்டில் தங்கவும் அவரால் இயலவில்லை. முகவர் பங்கும் வரியும் போக அவருக்குக் கிடைக்கும் என்று கூறப்பட்டது 15 கோடியே 75 இலட்சம் ரூபாய். அதன்பின் வரிமீது மிகுவரியும் செலுத்த வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் கண்ட கேரள அரசு, பரிசு பெற்றவர்களுக்குப் பணத்தைக் கையாளும் முறை குறித்து 2023இல் ஒரு பயிற்சி வகுப்பே நடத்தியது. சீட்டை விற்ற அரசே, சீட்டு விழுந்தவரைக் காப்பாற்ற வகுப்பு நடத்த நேர்ந்ததை நாம் சிந்திக்க வேண்டும். அரசு உணர்ந்த இக்கடமையைச் சபை உணராதிருக்கலாமா?

ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, மௌனம் காத்தல். பிரசங்க பீடத்திலிருந்து இச்செய்தியைச் சாட்சியாக அறிவித்தல் கூடாது. அது அக்குடும்பத்தின் வாசலில் கூட்டத்தைச் சேர்க்கும்.

இரண்டாவது, நடைமுறை உதவி. சீட்டின் பின்புறம் அவர் தம் பெயரும் முகவரியும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கேரளச் சீட்டாயின் குலுக்கல் நடந்த 30 நாள்களுக்குள் உரிமை கோர வேண்டும். இடைத்தரகரிடம் சீட்டைக் கொடாமல் வங்கியையே நாட வேண்டும். செலுத்த வேண்டிய மிகுவரியைத் தணிக்கையாளரிடம் கேட்டறிந்து அத்தொகையை முதலில் ஒதுக்க வேண்டும். பின் வட்டிக் கடனை அடைக்க வேண்டும். எஞ்சியதை வங்கி வைப்பில் இட்டு, ஓராண்டேனும் பெரிய முடிவு எதையும் எடுக்காதிருத்தல் நன்று.

மூன்றாவது, பங்கிடுபவராக ஆகாதிருத்தல். லூக்கா 12ஆம் அதிகாரத்தில், சகோதரனோடு சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி கேட்டவனுக்கு ஆண்டவர் நடுவராக இசையவில்லை. மதிகெட்ட செல்வனின் உவமையையே கூறினார். உறவினரின் வழக்குகளில் ஆயரும் அவ்வாறே விலகி நின்று, வென்றவரின் மனச்சான்றோடு மட்டும் பேசுதல் தகும்.

நான்காவது, தசமபாகத்தைப் பற்றிய விடை. யூதாஸ் எறிந்த வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் போடலாகாதென்ற பிரதான ஆசாரியர், அதைத் தாங்களே கொடுத்தவர்கள் என்பதை மறந்தனர். அத்தகைய தூய்மை நமக்கு வேண்டா. "உன் பணம் தீட்டு" என்று கூறி அம்மனிதரை விரட்டுதல் தவறு. ஆலயக் கோபுரத்திற்கென்று உடனே கை நீட்டுதல் அதனினும் தவறு. அப்பணம் பலரின் இழப்பிலிருந்து வந்ததாதலின், இழந்தோரிடமே ஒரு பங்கு திரும்புதல் முறையாகும். சகேயு கோவிலுக்குக் கொடுப்பதாகக் கூறவில்லை. ஏழைகளுக்கும் தன்னால் இழந்தோருக்குமே கொடுப்பதாகக் கூறினான். சீட்டினாலும் கடனாலும் நொடிந்த குடும்பங்களும், அவற்றின் பிள்ளைகளின் கல்வியும் கம்பைநல்லூரிலிருந்து தொலைவில் இல்லை.

ஆகவே அம்மாலையில் ஆயர் கூறத்தக்கது இதுவே: "தம்பி, சபைக்கு இப்போது ஒன்றும் வேண்டா. முதலில் உட்காருங்கள், சாப்பிட்டீர்களா?" வென்றவரின் வாசலில் நிற்கும் கூட்டத்தில் திருச்சபை மேலும் ஒரு கையாக நீளுமாயின், அவர் மனிதராக வந்து சேர்வதற்கு ஓரிடமும் இராது. அவ்விடமாக இருப்பதே நமக்குரிய திருப்பணி.