நாட்டினரும் குடிமக்களும்: பிரெஞ்சு அல்ஜீரியாவில் சட்டநிலையும் தேசிய அடையாளமும் (1865–1962)

முன்னுரை

அல்ஜீரியா ஒரு குடியேற்ற நாடு அன்று. பிரான்சின் பகுதியே என்பது பாரிஸ் அரசு நெடுங்காலம் கொண்டிருந்த நிலைப்பாடு. 1830-இல் அல்ஜியர்ஸ் நகரம் கைப்பற்றப்பட்டது. 1848-ஆம் ஆண்டின் அரசமைப்பு அல்ஜீரியாவைப் பிரெஞ்சு நிலப்பகுதி என அறிவித்தது. அல்ஜியர்ஸ், ஓரான், கான்ஸ்டன்டைன் என மூன்று மாவட்டங்கள் உருவாயின. 1954 நவம்பரில் விடுதலைப் போர் தொடங்கியபோதும், உள்துறை அமைச்சராக இருந்த பிரான்சுவா மித்தரான் இந்நிலைப்பாட்டையே வலியுறுத்தினார். நிலம் பிரான்சாயின், அதில் வாழ்ந்த பெரும்பான்மையினர் யார்? இவ்வினாவுக்குச் சட்டங்கள் அளித்த விடையை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆட்சிக்காலத்தில் மக்களைப் பிரித்து வைத்த அளவுகோலே, ஆட்சி முடிவுற்றபோது பிரெஞ்சுக்காரர் யார் என்பதையும் வரையறுத்தது என்பது இதன் கருதுகோள்.

சட்டநிலையும் பிறப்பும்

1865 ஜூலை 14 நாளிட்ட செனட் ஆணை, அல்ஜீரிய முஸ்லிம்களைப் பிரெஞ்சு நாட்டினர் என ஏற்றது; குடிமக்களாக ஏற்கவில்லை. திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் இஸ்லாமியத் தனிநபர் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பதாக விண்ணப்பித்தவர்களே குடியுரிமை பெற இயலும். இதனைச் சமயத்தைத் துறப்பதற்கு ஒப்பாகப் பலர் கருதினர்; விண்ணப்பித்தோர் மிகச் சிலரே.

ஏனையோர்க்கு இத்தடை இல்லை. 1870 அக்டோபர் 24-இல் வெளியான கிரெமியூ ஆணை ஏறத்தாழ 35,000 யூதர்களை ஒருசேரக் குடிமக்களாக்கியது. ஸ்பெயின், இத்தாலி, மால்டா ஆகிய பகுதிகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள் 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரெஞ்சுக்காரராயினர்.

தனிநபர் சட்டமே உண்மையான தடை எனின், சமயம் மாறியவர்க்கு அது நீங்கியிருக்க வேண்டும். ஆனால் 1903-இல் அல்ஜியர்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், 'முஸ்லிம்' என்னும் சொல் சமயத்தை மட்டும் குறிப்பதன்று. குடியுரிமை பெறாத முஸ்லிம் வழிவந்தோர் அனைவரையும் குறிப்பது எனத் தீர்ப்பளித்தது. கிறித்தவராக மாறியவரும் சட்டத்தின் பார்வையில் முஸ்லிமாகவே நின்றார். சமயத்தின் பெயரால் வகுக்கப்பட்ட எல்லை, நடைமுறையில் பிறப்பின் எல்லையாக இருந்தது என்பதற்கு இதுவே வலுவான சான்று.

சீர்திருத்தங்களின் எல்லை

தனிநபர் சட்டத்தைக் கைவிடாமலே 20,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுக்குக் குடியுரிமை வழங்க முனைந்த 1936-ஆம் ஆண்டின் புளூம்–வியோலெத் திட்டம், குடியேறிகளின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1947-இல் அமைந்த 120 உறுப்பினர் அல்ஜீரிய அவையில், பெரும்பாலும் ஐரோப்பியர் அடங்கிய வாக்காளர் பிரிவுக்கு 60 இடங்களும், எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்த முஸ்லிம்களின் பிரிவுக்கு 60 இடங்களும் ஒதுக்கப்பட்டன. 1958-ஆம் ஆண்டின் அரசமைப்பு, 75-ஆவது பிரிவில், தனிநபர் சட்டநிலையைத் துறக்காமலே ஒருவர் குடிமகனாக இருக்கலாம் என உறுதியளித்தது. போர் நான்காம் ஆண்டை எட்டிய பின்னரே இவ்வுறுதி வந்தது.

1962: இரு அளவுகோல்கள்

ஜூலை 3-இல் அல்ஜீரிய விடுதலையைப் பிரான்சு ஏற்றது. ஜூலை 21-இல் வெளியான அவசர ஆணை, பொதுச் சட்டநிலை உடையோர் பிரெஞ்சு நாட்டுரிமையை இயல்பாகவே தொடர்ந்து பெறுவர் என்றது. உள்ளூர்ச் சட்டநிலை உடையோரோ பிரான்சுக்கு வந்து தனி அறிவிப்புச் செய்ய வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் படையோடு நின்று போரிட்ட ஹார்கிகளுக்கும் இதுவே விதி. கடல் கடக்க இயலாதோர்க்கு, நான்கு ஆண்டுகளுக்கு முன் அளிக்கப்பட்ட உறுதி பயனற்றுப் போயிற்று.

இது தவிர்க்க முடியாத விதியா? அதே ஆண்டு ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்த புதுச்சேரி ஒப்படைப்பு ஒப்பந்தம் வேறு விடை தருகிறது. 1956-இல் கையெழுத்தான அவ்வொப்பந்தம், பிறந்த இடத்தையும் வாழிடத்தையும் அடிப்படையாகக் கொண்டது. அங்குப் பிறந்து வாழ்ந்த பிரெஞ்சு நாட்டினர் இந்தியக் குடிமக்களாவர். விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்துவழி அறிவித்துப் பிரெஞ்சு நாட்டுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தனிநபர் சட்டத்தைத் துறந்தவர், துறவாதவர் என்னும் வேறுபாட்டை அவ்வொப்பந்தம் பார்க்கவில்லை. புதுச்சேரியின் மக்கள்தொகை சிறிது. அங்குப் போரும் நிகழவில்லை. இவ்வேறுபாடுகளைக் கருதினும், வேறோர் அளவுகோல் பிரெஞ்சு அரசின் கையில் இருந்தது என்பது தெளிவு.

முடிவுரை

பிறப்பு வேறுபாடு பாராத குடியாட்சி என்பது பிரெஞ்சுத் தேசிய அடையாளத்தின் அடிப்படைக் கூற்று. 1865 முதல் 1962 வரையிலான சட்டங்கள் அக்கூற்றை மறுக்காமலே, 'சட்டநிலை' என்னும் சொல்லின்வழி பிறப்பு வேறுபாட்டைக் காத்துவந்தன. ஆகவே பேரரசின் முடிவை நிலப்பகுதியின் இழப்பாக மட்டும் காண்பது போதாது. நேற்றுவரை நாட்டினராக இருந்தோருள் எவரை அயலாராக்குவது என முடிவுசெய்த நிகழ்வாகவும் அதனைக் காண வேண்டும்.