காசில் நிற்கும் செடி

இன்றைய லிபியாவின் கடற்கரையை ஒட்டிய மேட்டுநிலத்தில், சைரீன் என்ற கிரேக்க நகரம் செழித்திருந்தது. அதன் செல்வத்துக்குப் பெருங்காரணம் சில்ஃபியம் என்னும் காட்டுச் செடி. தண்டையும் வேரையும் கீறி எடுத்த மணமிக்க பிசின், உணவுக்கும் மருந்துக்கும் பயன்பட்டது. நகரத்தார் தம் வெள்ளிக்காசுகளில் அச்செடியையே பொறித்தனர்.

உழுத நிலத்தில் அது வளராது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தியோஃபிராஸ்டஸ் எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டில், தம் காலத்தில் கிடைத்த ஒரே தண்டு நீரோ மன்னனுக்கு அனுப்பப்பட்டதாகப் பிளினி குறிப்பிடுகிறார். ரோமானியர் பிறகு பாரசீகப் பிசினால் திருப்தி அடைந்தனர். அது நம் பெருங்காயமே என்பது அறிஞர் பலரின் கருத்து.

மறைந்த செடியை எப்படி அடையாளம் காண்பது? ஏடும் காசுமே சாட்சிகள். 1824இல் இத்தாலியத் தாவர இயலார் விவியானி, சைரீன் பகுதியில் வளரும் தாப்சியாச் செடி ஒன்றுக்குச் 'சில்ஃபியம்' என்றே பெயர் சூட்டினார். ஆனால் தாப்சியாப் பிசின் பட்டால் தோல் கொப்புளிக்கும். அதையா உண்டிருப்பார்கள்?

2021இல் துருக்கி ஆய்வாளர் மஹ்முத் மிஸ்கி, அனடோலியாவில் வளரும் ஃபெருலா டுருடியானா என்ற செடியை முன்வைத்தார். இது பெருங்காயச் செடியின் பேரினத்தைச் சேர்ந்தது. அப்பேரினத்தில் இலைகள் பொதுவாக மாறிமாறி அமையும். இதிலோ, காசில் உள்ளதுபோல், எதிரெதிராக நிற்கின்றன. பிசினும் மணக்கிறது.

பொருத்தம் வியப்பூட்டுகிறது. எனினும் காசு வார்த்தவர் தாவர இயலார் அல்லர். அழகுக்காகவும் இலைகளை எதிரெதிரே வைத்திருக்கலாம். அனடோலியாவுக்கும் சைரீனுக்கும் இடையே கடல் வேறு கிடக்கிறது. கிரேக்கர் விதையைக் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார் மிஸ்கி. பழைய சாடி எதிலேனும் சில்ஃபியப் பிசின் ஒட்டியிருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.