மின்குறியின் பயண நேரம்

கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டார் தொல்காப்பியர். பேச்சொலிக்கு அவ்வளவு போதும். கம்பியில் ஓடும் மின்சாரத்திற்கோ அது மிக நெடும்பொழுது. 1748இல் லண்டனை அடுத்த ஷூட்டர்ஸ் ஹில்லில் வில்லியம் வாட்சனும் தோழர்களும் இரண்டு மைலுக்கு மேல் நீண்ட கம்பியில் சோதித்து, மின்சாரம் உடனுக்குடன் சென்று சேர்கிறது என்றே முடிவுகட்டினர்.

இம்முடிவை அசைத்தவர் சார்லஸ் வீட்ஸ்டன். அவர் 1834இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. அதுவே அதன் அழகு. அரை மைல் செப்புக் கம்பியின் இரு முனைகளிலும் நட்டநடுவிலும் சிறு இடைவெளி விட்டு, அம்மூன்றையும் ஒரே பலகையில் வரிசையாகப் பொருத்தினார். மின்சாரம் பாய்ந்ததும் மூன்றிலும் பொறி தெறிக்கும். வெறுங்கண்ணுக்கு மூன்றும் ஒருசேரவே தோன்றும். அவற்றை அவர் நொடிக்கு 800 முறை சுழலும் கண்ணாடியில் நோக்கினார். ஓரப் பொறிகள் ஒத்து நிற்க, நடுப்பொறி மட்டும் அரைப் பாகை அளவு விலகி நின்றது! கண்ணாடி திரும்பும் கோணத்தைப் போல் இருமடங்கு பிம்பம் நகரும். ஆதலின் அரைப் பாகை என்பது ஒரு நொடியை 1,152,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அதற்குள் மின்சாரம் கால் மைல் ஓடிற்று. வேகம் நொடிக்கு 288,000 மைல் என்றாயிற்று. ஒளியின் வேகமே ஏறத்தாழ 186,000 மைல்தான். எனவே இத்தொகை மிகை. அரைப் பாகையைக் கண்ணால் மதிப்பிட்ட கணக்கில் இது வியப்பன்று. ஆயினும், காலத்தை இடமாக மாற்றிக் காணும் உத்தி நிலைத்தது. 1850இல் ஃபூக்கோ ஒளியை ஆராய்ந்ததும் சுழலும் கண்ணாடி கொண்டே.

கணினி வந்தபின் இவ்வினா தொழிற்கூடத்துள் புகுந்தது. கம்பியின் ஒரு முனையில் கூரிய மின்துடிப்பைச் செலுத்தி, மறுமுனையில் மோதித் திரும்பும் எதிரொலியை அலைகாட்டித் திரையில் அளக்கும் முறை 1960களில் பரவியது. மலைக்கு எதிரே நின்று கூவி, ஒலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவது போன்றதே இது. போய்வரும் நேரத்தில் பாதி, பயண நேரம்.

சீமோர் கிரே வடிவமைத்த கிரே-1 கணினி 1976இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தை அடைந்தது. அதன் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 12.5 நானோநொடியே, அதாவது நொடியின் நூறுகோடிக் கூறுகளில் பன்னிரண்டரை. ஒளிகூட அதற்குள் நான்கு மீட்டர் கடவாது. அதன் வளைந்த உருவம் வெறும் ஒப்பனையன்று. உட்புறக் கம்பிகள் குறுகுவதற்கே அவ்வடிவம். எக்கம்பியும் 4 அடிக்கு மேற்படவில்லை. குறிகள் ஒருசேர வந்தடையும் பொருட்டு, ஒவ்வொன்றும் கணக்கிட்ட நீளத்தில் நறுக்கப்பட்டது. அருகிலுள்ள இடத்திற்கும் சில கம்பிகள் வேண்டுமென்றே நீளமாயின. விஸ்கான்சின் மாநிலச் சிற்றூரில் அவற்றைக் கையால் பொருத்தியவர்கள் பெண்கள். கிரேயின் பெயரை ஓதும் நூல்கள் அக்கைகளை அரிதாகவே நினைக்கின்றன.

இன்றைய மின்சுற்றுப் பலகையில் குறி ஒரு நானோநொடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டரே செல்லும். நினைவகச் சில்லுகளை நோக்கிச் செல்லும் செப்புக் கோடுகளிற் சில பாம்புபோல் நெளிந்து கிடப்பது, பக்கத்துக் கோட்டின் நீளத்தோடு ஒத்திருப்பதற்கே.